இருமிய குருவி

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, ஒரு குளத்தை ஒட்டி, ஐந்தே தெருக்கள் உள்ள காலனி ஒன்று. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற பெண். வயது முப்பத்தெட்டு. சீடர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்து நான்கு. குரு என்றால் தாடி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே வேறு கதைக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

குருவின் பெயர் ஆவுடையம்மாள். பதினான்கு வருஷமாக அந்தத் தெருக்களில் நடக்கிறார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது சத்தமில்லாமல் வந்து கடிக்கும், எந்த வேப்பமரத்தில் எந்தப் பறவை அடையும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

சீடரின் பெயர் அருமைநாயகம். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் நடக்க வந்தவர். வந்த இடத்தில், கையில் மீட்டர் கருவியோடு மரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற ஆவுடையம்மாளிடம், "மரத்துல என்னம்மா மீட்டரு?" என்று கேட்டார். அவர் விரலைக் காட்டினார். இலைக்குள் ஒரு மாங்குயில் இருந்தது. மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். அன்றைக்குப் பிடித்தது பறவைப் பைத்தியம்.

முப்பத்தாறு வருஷம் ஊரே தன்னை சார் என்று கூப்பிடக் கேட்டவர், ஆவுடையம்மாளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டலுக்குத்தான். பிறகு கிண்டல் எங்கோ உதிர்ந்துபோய் டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

இருவருமாகச் சேர்த்ததுதான் காலனியின் சனிக்கிழமைப் பறவைக் கூட்டம். காலை ஆறு மணிக்குக் குளக்கரை. கூட்டத்துக்கு ஆவுடையம்மாள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. பறவையின் பதிவுசெய்த குரலை போனில் போட்டு அதை வரவழைக்கக் கூடாது.

"பொய் சொல்லிக் கூப்பிட்டா அது நம்பி வந்துரும் சார். வந்து தேடும். பாவம்லா."

சட்டம் அவ்வளவுதான். மற்றபடி யாரும் வரலாம், எப்படியும் பார்க்கலாம். பார்த்ததை நீளமான நோட்டில் எழுதுவது அருமைநாயகத்தின் பொறுப்பு. அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அருமைநாயகத்தின் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில். ஞாயிறு முதல் வெள்ளி வரை எல்லா நாளும் அவருக்கு ஒரே நாளாகத்தான் இருந்தது. சனிக்கிழமை ஒன்றுதான் கிழமையாகத் தெரிந்தது.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அக்னி நட்சத்திரம். காலை ஆறு மணிக்கே குளத்துக் காற்று அடுப்படிக் காற்று மாதிரி இருந்தது. வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் பால் வாங்க வந்தவர்.

"டீச்சர், ஜனவரியில நாப்பத்தோரு இனம் எழுதினேன். இன்னைக்குப் பதிமூணு. அதுல காக்காயும் உண்டு."

"காக்காயும் பறவைதான சார்."

"ஆளும் இருபத்தி மூணுல இருந்து மூணாயிட்டு. இப்பிடியே போனா கூட்டம் கலைஞ்சிரும். அக்டோபர்ல, வடக்க போன குருவியெல்லாம் திரும்பி வந்துரும். ஆளு வருமா?"

ஆவுடையம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோடையில பாக்கதுக்கு இங்க என்னதான் இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல."

ஆவுடையம்மாள் தன் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அது அவருடைய தொழிற்கருவி. சில வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டிவிடும். பெட்டியைத் திறந்தால் முட்டை உருண்டு விழும். அப்போது ஆவுடையம்மாள் பெட்டியின் மேல் இடுக்கில் இந்தக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, இடம் வலம் மாறித் தெரிகிற எண்களைப் படித்துக் குறித்துக்கொள்வார். பதினான்கு வருஷத்தில் ஒரு எண் தவறியதில்லை. ஒரு முட்டையும் உடைந்ததில்லை.

"மூணாம் தெரு, கடைசி வீடு. கேட்டுத் தூணில இருக்க பெட்டியில குண்டுக்கரிச்சான் குஞ்சு பொரிச்சிருக்கு. மூணு குஞ்சு. இப்பதான் கண்ணு திறந்திருக்கு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தினம் போயி அத மட்டும் பாருங்க. நோட்டு வேண்டாம்."

அருமைநாயகம் கண்ணாடியை வாங்கினார். பிறகு யோசித்தார்.

"மூணாம் தெரு கடைசி வீடு பிறவிப்பெருமாள் வீடுல்லா?"

"ஆமா."

"வேற வீடு கிடையாதா?"

"வேற பெட்டியில குஞ்சு கிடையாது சார்."

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். பிறவிப்பெருமாள் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அருமைநாயகத்தின் வலது கை. கைக்கொரு டீ கிளாஸோடு இருவரும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள். பிப்ரவரியில் ஒருநாள் உடைமரத்தில் ஒரு கதிர்க்குருவி வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் நீளம், கசங்கிய பச்சை நிறம். கதிர்க்குருவியில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே துறுதுறுப்பு. எது எது என்பது அந்தக் குருவிகளுக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அருமைநாயகம் ஒரு வகை என்றார். பிறவிப்பெருமாள் மற்றது என்றார். "நாப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பாத்த கண்ணுக்கு அலகு நெறம் எங்க தெரியப் போகுது" என்று அருமைநாயகம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். குருவி அதற்குள் பறந்துபோய்விட்டது. பிறவிப்பெருமாள் பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அதன்பிறகு அருமைநாயகம் மேலக்கரையில் நடந்தால் பிறவிப்பெருமாள் கீழக்கரையில் நடந்தார். கூட்டத்திலும் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. பிறகு வெயில் வந்தது. எல்லாரும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். பழியை வெயில் வாங்கிக்கொண்டது.

அருமைநாயகம் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டார். மூன்றாம் தெருப் பக்கம் போகவில்லை.

'மீட்டர் பெட்டியைப் பார்க்கத்தானா முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினோம்' என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பும் இருந்தது. அதோடு, அவருக்கு வேறு ஒரு யோசனை வந்திருந்தது.

குளத்தின் மடைப்பக்கம் இரண்டு கரையும் ஒன்றையொன்று நெருங்கும். நடுவே அடர்த்தியான தோப்பு. குளிர்காலத்தில் அங்கே ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று கடவுள் மிச்சம் வைத்திருந்த வண்ணத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு பிறந்த பறவை. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசிலடிக்கும். ஏப்ரலில் வடக்கே போய்விடும். மே மாதத்தில் ஒன்றே ஒன்று போகாமல் தங்கியிருந்தால்? அதை எழுதினால்? கூட்டம் தானாக வரும்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் தோப்புக்கு மேற்கே நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போனில் ஆறுமணிக்குருவியின் குரலைப் போட்டார். சட்டம் போட்டவர் முகம் கண்ணுக்குள் வந்தது. ஒரே ஒரு தடவைதானே என்று சொல்லிக்கொண்டார். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கிற குரல் அது. ஒரு விசில், அது முடிவதற்குள் இன்னொரு விசில். ஆறு தடவை கூப்பிட்டதும் நிறுத்தினார்.

பதில் இல்லை.

புதன்கிழமையும் போனார். போட்டார். நிறுத்தினார். தோப்பின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அருமைநாயகம் தோப்புக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி போட்டார். மறுபடி பதில் வந்தது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டால் அதுவும் இரண்டு தடவை கூப்பிட்டது. மூன்று என்றால் மூன்று. வீட்டுக்கு வந்து, தோசை வார்த்து, மனைவியின் படத்தைப் பார்த்து, "இருக்குடி" என்றார்.

வியாழக்கிழமையும் பதில் வந்தது. அன்று மாலையே நோட்டில் குறித்துவிட்டு, கூட்டத்தின் வாட்ஸப் குழுவிலும் எழுதிவிட்டார். "நமது குளத்தில் மே மாதத்தில் ஆறுமணிக்குருவி. இரண்டு நாட்களாகக் குரல் உறுதி. சனிக்கிழமை காலை அனைவரும் வருக." போனில் கூப்பிட்டுத்தான் கேட்டார் என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த குழு உயிர் பெற்றது. வரேன், வரேன் என்று இருபத்தாறு பேர். மேலப்பாளையத்தில் இருந்து பெரிய கேமராக்காரர் ஒருவர். அருமைநாயகம் அன்று நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை உறுதிசெய்துகொள்ளலாம் என்று போனார். காற்று அசையவில்லை. இவர் கூப்பிட்டார். அது கூப்பிட்டது. இவர் நிறுத்தினார். அது நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.

பத்தாவது விசில் முடிந்ததும் அந்தக் குருவி இருமியது.

"க்ஹும்" என்று, சளி கட்டிய ஆள் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு தெளிவான இருமல்.

அருமைநாயகம் அப்படியே நின்றார். பிறகு தன் போனை எடுத்து, இதுவரை முழுசாக ஓடவிட்டிராத அந்தப் பதிவைச் சத்தம் குறைத்துக் காதோரம் வைத்து, கடைசிவரை ஓடவிட்டார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

"க்ஹும்."

யாரோ ஒருவர், எந்த ஊர்க் காட்டிலோ, சளியோடு போய் நின்று பதிவுசெய்திருக்கிறார்.

அவர் நேரே ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனார். வேட்டி நுனி உடைமுள்ளில் கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நாளைக் காலை இருபத்தாறு பேர் வந்து நிற்பார்கள். நோட்டில் இனி எதை எழுதினாலும் யார் நம்புவார்கள்? கூட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் கழுத்தைத் தானே நெரித்துவிட்டோமே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு போனார்.

ஆவுடையம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, நாளெல்லாம் வெயிலில் நடந்த காலை ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

"உக்காரதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல டீச்சர்."

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க."

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். இருமல் வரைக்கும் சொன்னார். ஆவுடையம்மாள் முகம் ஒரு இடத்தில் மட்டும் அசைந்தது. சிரிப்பா என்று அவருக்கு விளங்கவில்லை.

"சட்டத்த மீறிட்டேன். ஊரையும் ஏமாத்திட்டேன். குழுவுல இப்பவே, நான் கேட்டது தப்புன்னு போட்டுரட்டுமா? இல்ல, குருவி போயிட்டுன்னு சொல்லிருவமா?"

"பதில் எந்தக் கரையில இருந்து வந்துச்சு?"

"கீழக்கரை."

"சாயங்காலம் கீழக்கரையில யாரு நடப்பா?"

அருமைநாயகம் வாயைத் திறந்தார். பிறவிப்பெருமாள் என்ற பேர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"நான் சொன்ன பெட்டியப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"இல்ல டீச்சர்."

"போயிப் பாத்துட்டு வாங்க. குழுவுல போடதைப் பெறவு பாத்துக்கலாம்."

ஆவுடையம்மாள் வாளியிலிருந்து ஒரு காலை எடுத்து மற்றதன் மேல் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மூன்றாம் தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கடைசி வீட்டு கேட்டுக்கு வெளியே, தூணுக்கு நேரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. துடைத்து வைத்த நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர்.

அருமைநாயகம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். பெட்டியின் மேல் இடுக்கில் சாய்த்துப் பிடித்தார். முதலில் இருட்டு. பிறகு அதில் மூன்று வாய்கள் திறந்தன. மூன்றும் இவரை அம்மா என்று நினைத்துக்கொண்டன.

"ஏழு நாளா நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்று பின்னால் ஒரு குரல்.

பிறவிப்பெருமாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குஞ்சு பாக்க ஒரு ஆளு வருவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. யாருன்னு சொல்லல. எனக்குத் தெரியாதா, யாருன்னு? தினமும் வழி பாத்துட்டு எடுத்து வைப்பேன்."

அருமைநாயகத்தால் திரும்ப முடியவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டைய விடுங்க சார். நம்ம குளத்துல ஆறுமணிக்குருவி! நீங்க போட்டத நான் பாத்தேன். உங்களுக்கு முந்தியே நான் கேட்டுட்டேன், தெரியுமா? செவ்வாக்கிழமை. ஆறு தடவை கூப்பிட்டுச்சு. ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டா பேசிருவீங்கன்னு..." குரல் தாழ்ந்தது. "டீச்சர்கிட்ட சொல்லிராதீங்க. புதன்கிழமையில இருந்து நான் போன்ல போட்டுக் கூப்பிடுதேன். அதுவும் பதில் சொல்லுது சார்! நான் ரெண்டு தடவை கூப்பிட்டா அதுவும் ரெண்டு தடவை!"

அருமைநாயகம் மெல்லத் திரும்பினார். தன் போனை எடுத்து அந்தக் குரலைப் போட்டார்.

பிறவிப்பெருமாளின் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. பிறகு குழப்பம் வந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

"க்ஹும்."

பிறவிப்பெருமாள் கேட்டை விட்டுவிட்டார்.

"அது... என் போனுல்லா இருமும்?"

"என் போனும் இருமும் வே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை இருவருக்கும் தகராறு உண்டு. பிறவிப்பெருமாள் சிரித்துச் சிரித்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அருமைநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. அந்தச் சத்தத்தில் தாய்க்கரிச்சான் வந்து, கம்பியில் உட்கார்ந்து, வாலை வாலைத் தூக்கித் திட்டியது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கிவிட்டது என்று அருமைநாயகத்துக்குத் தெரிந்தது. நாளைக்கு இருபத்தாறு பேர் வருவார்கள் என்பது அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அதைச் சுமக்க இரண்டு பேர்.

"ஸ்டியரிங்கு விஷயம் நான் சொல்லிருக்கக் கூடாது பிறவி."

"அது கெடக்கட்டும் சார். ஆனா அந்தக் கதிர்க்குருவி நான் சொன்னதுதான்."

அருமைநாயகம் வாயைத் திறந்தார். பிறகு செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. குளக்கரையில் இருபத்தேழு பேர். வருகிறேன் என்றதைவிட ஒருவர் அதிகம். பெரிய கேமராக்காரர் லென்ஸைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். ஆவுடையம்மாள் கூட்டத்தின் ஓரத்தில், மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார்.

காலை வணக்கக் கூட்டத்தில் முப்பத்தாறு வருஷம் பேசிப் பழகிய அருமைநாயகம் அன்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இங்க ஆறுமணிக்குருவி இல்ல. நான் போன்ல கூப்பிட்டேன். இன்னொரு போனு பதில் சொல்லிச்சு. நோட்டெழுத எனக்கு இனிமே யோக்கியதை உண்டான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

"அந்த இன்னொரு போனு என்னுது" என்று பிறவிப்பெருமாள் முன்னால் வந்து பக்கத்தில் நின்றார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்று, நடந்ததை நடந்தபடி செய்து காட்டினார்கள். இந்தக் கரையில் இருமல் கேட்டது. அந்தக் கரையில் இருமல் கேட்டது.

கேமராக்காரர் லென்ஸுக்கு மூடி போட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். அருமைநாயகம் மற்றவர்களும் நகர்வார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதில் ஒரு சத்தம் விழுந்தது. சிரிப்பு. முதல் தெருவில் தையல்கடை வைத்திருக்கிற ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தே விட்டாள். மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

"இனி என்ன பாக்கது டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

ஆவுடையம்மாள் எழுந்து நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். மூன்றாம் தெரு, கடைசி வீடு. பத்தடி தள்ளி நிற்கவைத்தார்.

முதல் குஞ்சு பெட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. வால் இன்னும் முளைத்து முடியவில்லை. தாய் கம்பியில் இருந்து கூப்பிட்டது. குஞ்சு எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. வந்தது. மறுபடி உள்ளே போனது.

"தைரியமா வா மக்கா" என்றார் பிறவிப்பெருமாள், மூச்சு மட்டும் கேட்கிற குரலில்.

அது குதித்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. விழுந்தது என்றும் சொல்ல முடியாது. நேரே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் உட்கார்ந்தது. இருபத்து நான்கு பேர் மூச்சு விடவில்லை. குஞ்சு அவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நாற்காலியில் கழிந்தது.

இரண்டாவது, கால் மணி நேரம் கழித்து வந்தது. மூன்றாவது வருகிற வழியாக இல்லை. வெயில் ஏறியது. யாரும் போகவில்லை. பிறவிப்பெருமாளின் மனைவி மோர் கலந்து கொண்டுவந்தார்கள். ஏழே முக்காலுக்கு, எல்லாரும் தம்ளரும் கையுமாக இருந்த நேரம் பார்த்து, மூன்றாவதும் வெளியே வந்து செம்பருத்திச் செடிக்குள் போய்விட்டது.

"எங்க வீட்டு மொட்டைமாடித் தொட்டியில கொண்டைக்குருவி அடைகாக்கு" என்றாள் ரெஜினா. "இதெல்லாம் நீங்க நோட்டுல சேக்க மாட்டீங்கன்னுதான் இதுவரைக்கும் நான் சொல்லல சார்."

"எங்க வீட்டு மாட்டுக்கொட்டாயில மைனா" என்றார் இன்னொருவர்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை ரெஜினா வீடு" என்றார் பிறவிப்பெருமாள். "அதுக்கடுத்தது மாட்டுக்கொட்டாய்."

அருமைநாயகத்துக்குப் பெருமூச்சு ஒன்று வந்தது. ஜூன் வரும், ஜூலை வரும், கூட்டமும் இருக்கும். அக்டோபர் வரைக்கும் எண்ணிப் பார்த்தால் வீடுகள் போதும் போலிருந்தது.

எல்லாரும் போன பிறகு அவர் கண்ணாடியைத் துடைத்து ஆவுடையம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு நோட்டை எடுத்து அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்தார். வியாழக்கிழமைத் தேதிக்கு நேரே முத்து முத்தான எழுத்தில் இருந்தது. 'ஆறுமணிக்குருவி, ஒன்று. கூப்பிட்டதற்குப் பதில் குரல் கொடுத்தது.'

"இத அடிச்சிரட்டுமா டீச்சர்?"

ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"கூப்பிட்டது நெசந்தான?"

"நெசம்."

"பதில் வந்தது?"

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே பிறவிப்பெருமாள் நாற்காலியில் இருந்த எச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அதுவும் நெசம்."

"பெறவு எதுக்கு அடிக்கீங்க?" என்றார் ஆவுடையம்மாள், மீட்டர் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டே. "பேர மட்டும் மாத்திருங்க."